குழாய்ச் சத்தம்

கறையைப் பார்க்காமல் துணிமேல் சூடு வைக்கிறவனுக்கு மன்னிப்பே கிடையாது என்பது அக்காவின் கட்சி. சலவைக் கடைக்கு வேலை கேட்டு யார் வந்தாலும் முதல் நாளே இதைத்தான் சொல்வாள். ரத்தமோ, முட்டையோ, டீயோ, சூடு படுவதற்கு முன்னால் பிடித்துவிட்டால் போக்கிவிடலாம். இஸ்திரி ஏறிவிட்டால் அது துணியோடு துணியாகிவிடும். அதிலும் பழச்சாறு இருக்கிறதே, அதுதான் பெரிய கள்ளன். சிந்தி உலர்ந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. துணி சுத்தமாக இருக்கிற மாதிரி பாவனை பண்ணும். சூடு பட்டதும் பழுப்பாகப் பல்லை இளிக்கும்.

நான் அக்காவோடு கூடப் பிறந்தவள் இல்லை. அந்தக் கடையின் முன் ஜன்னலோரம் வாடகைக்கு ஒரு தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள். பட்டன், ஜிப், கிழிசல், விளிம்பு மடிப்பது, இதுதான் பிழைப்பு. வாய் கொஞ்சம் கூர்மை என்று எல்லாரும் சேர்ந்து ஊசி என்று பேர் வைத்துவிட்டார்கள். பேர் வைத்தவர்கள் எல்லாரும் என்னிடம் குத்து வாங்கினவர்கள், அதனால் நான் கோபித்துக்கொள்வதில்லை. கடை அக்காவின் வீட்டுக்காரருடையது. அவரை மாமா என்பேன். மாடியில் வீடு, கீழே கடை, பின்னால் கொதிகலனும் ஒரு குளியலறையும். சுவர் மெல்லிசு. குளியலறையில் குழாயைத் திறந்தால் கடை முழுக்கக் கேட்கும்.

துவைத்து வந்த துணி ஒவ்வொன்றும் அக்காவின் கறை மேசைக்குப் போகும். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாள். கண்ணை நம்பாமல் உள்ளங்கையாலும் தடவுவாள். எங்காவது விறைப்பாகத் தட்டுப்பட்டால் அங்கே ஏதோ உலர்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். வரிசையாக இருக்கிற பாட்டில்களில் எதை எடுக்க வேண்டும் என்று அவள் கைக்குத் தெரியும். தேய்த்து, ஒற்றி, ஊதி உலர்த்தி, திருப்தியானால் மேல் பட்டனில் ஒரு வெள்ளை நூல் முடிவாள். பார்த்தாயிற்று என்பதற்கு அது அடையாளம். நூல் இல்லாத துணியை இஸ்திரி மெஷினில் நிற்கிற பெரியவர் விரலால்கூடத் தொட மாட்டார். அவருக்கு நீராவியண்ணன் என்று பேர். கொதிக்கிற மெஷினோடு காலம் தள்ளி அவரும் எப்போதும் கொஞ்சம் கொதித்துக்கொண்டே இருப்பார்.

அக்காவுக்கு மகள் ஒருத்தி. பத்தொன்பது வயதாகியும் வீட்டில் பாப்பாதான். கட்டடம் வரைகிற படிப்பு படிக்கிறாள். சாயங்காலம் வந்ததும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நூல் கட்டிக் கொடுப்பாள். வேலை ஓய்ந்தால் காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு விளையாட ஆரம்பித்துவிடுவாள். எங்கெங்கோ இருக்கிற நாலைந்து பிள்ளைகளோடு சேர்ந்து சுடுகிற விளையாட்டு. "டேய் பின்னாடி பாரு, மாடில நிக்கிறான், சுடு சுடு" என்று அவள் போடுகிற கூச்சலில் துணி கொடுக்க வந்த ஆள் ஒரு தடவை கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் சிரித்துச் சிரித்து ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன். மாமாவுக்கு மட்டும் சிரிப்பு வராது. இந்தப் பிள்ளை கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறது என்று அவர் மனசில் எப்போதோ முடிவாகிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். "பாப்பா, நூல்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். யாரை எந்த மாடியில் சுட்டுக்கொண்டிருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு வந்துவிடுவாள். கூட விளையாடுகிறவர்கள் ஹெட்போனில் திட்டுவது எனக்கே கேட்கும்.

அக்காவின் விளையாட்டுக்குச் சத்தம் கிடையாது. அதனால் அது விளையாட்டு என்றே யாருக்கும் தெரியவில்லை. போன மழைக்காலத்துக்கு முன்னால் அவளுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியாமல் படுத்திருந்தாள். சும்மா கிடந்தால் பொழுது போகாது என்று பாப்பாதான் அம்மா போனில் அதைப் போட்டுக் கொடுத்தாள். கலர் கலராகப் பழங்கள். ஒரே பழம் மூன்று சேர்ந்தால் மறைந்துவிடும். அவ்வளவுதான் சங்கதி. தோள் சரியாகிவிட்டது. பழம் போகவில்லை.

கடை சாத்தியதும் நானும் அக்காவும் தெரு முனை வரை நடந்துபோய், அங்கே உள்ள பெஞ்சில் உட்கார்ந்து உலகத்தையே நாலு கேள்வி கேட்டுவிட்டுத் திரும்புவோம். அது முதலில் நின்றது. கேட்டால் தலைவலி என்பாள். பிறகு குளியலறை. குழாய் கொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வெளியே வரும்போது பார்த்தால் கை இரண்டும் காய்ந்திருக்கும். ஒரு நாள் துண்டுக் குவியலுக்கு அடியில் அவள் போன் மினுமினுத்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டேன். சிரித்து மழுப்பினாள். இன்னொரு நாள் அவளாகவே வந்து, "அந்தச் சனியன அழிச்சுட்டேன் ஊசி, இப்பதான் நிம்மதி" என்றாள். அந்த வாரம் முடிவதற்குள் குழாய்ச் சத்தம் திரும்ப வந்துவிட்டது. மாமா பாவம், தண்ணீர் வீணாகிறது என்று மட்டும் கத்துவார்.

கோட்டு விவகாரம் நடந்தது நல்ல மழையில். மழை வந்தால் எங்களுக்கு வேலை இரட்டிப்பு. உலராத துணி, சேறு, குடைக்கம்பித் துருக்கறை, வீடு முழுக்க ஈர நெடி. அன்றைக்கு வந்த துணிகளில் சந்தன நிறத்தில் ஒரு நீளக் கோட்டு. மகன் கல்யாணத்துக்குத் தான் போட்டுக்கொள்ள ஒரு அம்மா கொடுத்துவிட்டுப் போனது. "இதுக்கு மேல நல்லதா என்கிட்ட எதுவும் இல்லம்மா" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

சாயங்காலம் பாப்பா மேசையில் நூலோடு உட்கார்ந்திருந்தாள். அக்கா நாற்காலி காலி. பின்னால் துணிக் குவியல்களுக்கு நடுவில் அவள் இருப்பது எனக்குத் தெரியும். பாப்பா குரல் கொடுத்தாள்.

"அம்மா, இந்தக் குவியல் பாத்தாச்சா?"

இன்னொரு தடவை கேட்டாள்.

"பாத்தாச்சு, எல்லாம் பாத்தாச்சு, கட்டிடு."

குரல் மட்டும் வந்தது. முகம் வரவில்லை. பாப்பா கட்டினாள். கட்டி முடித்துவிட்டுத் தன் போனை எடுத்து வைத்துக்கொண்டாள். நீராவியண்ணன் நூலைப் பார்த்தார், கோட்டை விரித்தார், மெஷினை இறக்கினார். தூக்கும்போது மார்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு திட்டு. பழச்சாறு.

அண்ணன் கோட்டை எடுத்துவந்து மாமா முன்னால் போட்டார். "நூல் இருந்துச்சு, வச்சேன்" என்றார்.

மாமாவின் பார்வை பாப்பாவின் கையில் இருந்த போனுக்குப் போனது. அங்கேயே வழக்கு முடிந்துவிட்டது.

"நூல் யாரு கட்டினது?"

"நான்தாம்பா."

"அம்மா பாத்தாளா?"

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். சத்தம் கேட்டு வந்திருந்த அக்கா, கோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"கவனிக்கலப்பா" என்றாள் பாப்பா.

மாமா கத்துகிற ஆள். அன்றைக்குக் கத்தவில்லை. "அந்தம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு தன் கூடப்பிறந்த அக்காவுக்கு, பாப்பாவின் அத்தைக்கு, போன் போட்டார். அந்த அத்தைக்கும் வேறு ஊரில் சலவைக் கடை உண்டு. கண்டிப்பு என்றால் அவளைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைச் சொல்ல வேண்டும்.

"பாப்பாவ அங்க அனுப்புறேங்க்கா. ஆமா, படிப்பு போதும். போன வாங்கி வச்சுக்கோ. கூடவே வச்சு வேலை வாங்கு, புத்தி வரட்டும்."

பாப்பா அழவில்லை. போன் வைக்கும் வரை நின்றாள். "அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அனுப்புறதுக்கு முன்னாடி என்னை ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க. இதுக்குன்னே பாக்குறவங்க இருக்காங்க. நோய்னு சொன்னா வைத்தியம் பண்ணுங்க. இல்லன்னா நானே பெட்டி கட்டிடுறேன்."

"நோயா? கொழுப்புக்கு யாரும் மருந்து குடுக்க மாட்டாங்க."

"அத டாக்டர் சொல்லட்டும்."

டாக்டர் வாயால் சொன்னால் தனக்கும் ஆறுதல் என்று நினைத்தாரோ என்னவோ, மாமா ஒத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் அக்கா கொதிகலன் பக்கம் போனபோது நானும் பின்னாலேயே போனேன். எனக்கு மனசில் வைத்துப் புழுங்கத் தெரியாது.

"நீ சொன்னத நான் கேட்டேன்க்கா."

"எத?"

"எல்லாம் பாத்தாச்சு, கட்டிடுன்னியே, அத. அந்தப் பொண்ணு உனக்காக வாய மூடிட்டு நிக்கிறா. படிப்பே போகப்போகுது. நீ சொல்றியா, நான் சொல்லவா?"

அக்கா ஈரத் துணிக் கூடையின் விளிம்பில் உட்கார்ந்தாள். "என்னன்னு சொல்லுவேன் ஊசி? கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ண வச்சுக்கிட்டு, பழத்த அடுக்கி விளையாடிட்டு இருந்தேன்னா? நீராவியண்ணன் முகத்துல எப்படி முழிப்பேன்? கறைய பாக்காம சூடு வைக்காதன்னு ஊருக்கே சொன்னவ நான்."

"உன் மானத்துக்கு அவ பெட்டி கட்டணுமா?"

"விட்டுடணும்னு தினம் நினைக்கிறேன்டி. காலைல எழுந்திரிக்கிறப்பவே நினைக்கிறேன். கை அதுவா போகுது." அவள் தன் கையைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி இருந்தது. "நானே சொல்றேன். டாக்டர்கிட்ட போறோம்ல, அங்க வச்சுச் சொல்லிடுறேன். நீயும் கூட வா."

சொல்வாளா மாட்டாளா என்று எனக்குச் சந்தேகம்தான். அதனால்தான் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு நானும் கிளம்பினேன். அவள் வாய் திறக்கவில்லை என்றால் நான் திறப்பது என்று முடிவு.

டாக்டரம்மாவுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். சின்ன அறை, நாலு நாற்காலி. என்னைக் காட்டி இவங்க யாரு என்றார். "கடைல தைக்கிறவங்க, வீட்டு ஆளுதான்" என்றார் மாமா. வீட்டு ஆள் என்று அவர் வாயில் வந்ததை நான் அப்போதே முடிந்து வைத்துக்கொண்டேன், வாடகை கேட்கும்போது உதவும். அக்கா உள்ளே நுழைந்ததிலிருந்து டாக்டரம்மாவின் கைமடிப்பில் இருந்த மைக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா எல்லாவற்றையும் கொட்டினார். "பொழுதன்னைக்கும் அதேதான் டாக்டர். லீவு நாள்னா சாப்பாட்டுத் தட்டே உள்ள போகுது. சுடு சுடுனு கத்துறா. எத்தனை மணி நேரம்னு நான் குறிச்சே வச்சிருக்கேன், சொல்லவா?"

"அது இருக்கட்டுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "நேரத்த மட்டும் வச்சு நான் எதுவும் சொல்ல மாட்டேன். சிலர் ரொம்ப நேரம் விளையாடுவாங்க, படிப்பு, வேலை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்கா நடக்கும். அது நோய் இல்ல, ஆசை. சிலர் கொஞ்ச நேரம்தான் விளையாடுற மாதிரி இருக்கும், உள்ள எல்லாம் ஆட்டம் கண்டிருக்கும்."

"அப்ப நோய்னு எத வச்சு சொல்லுவீங்க?"

"நிறுத்தணும்னு அவங்களே நினைச்சாலும் நிறுத்த முடியுதான்னு பாப்பேன். முன்னாடி பிடிச்சிருந்ததெல்லாம் பின்னாடி போயிடுச்சா, அது ஒண்ணுதான் முன்னாடி நிக்குதான்னு பாப்பேன். கெடுதல் நடக்குதுன்னு கண்ணால பாத்தும் விட முடியாம தொடருதான்னு பாப்பேன். அதுவும் பரீட்சை முடிஞ்ச லீவுல ரெண்டு வாரம் ஆடுறத சொல்லல. பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குக் கிட்ட இப்படியே போயிட்டிருக்கணும்." பிறகு பாப்பா பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இவங்கள எல்லாம் வெளிய உக்காரச் சொல்லட்டுமா?"

"வேணாம் டாக்டர். அவங்க கேக்கணும்."

பாப்பா மடியில் கையைக் கோத்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"காலைல எழுந்திரிக்கிறப்ப இன்னிக்கு வேணாம்னு நினைக்கிறேன். மத்தியானத்துக்குள்ள கை போயிடுது. ஒரு தடவை அழிச்சுட்டேன். ஒரு வாரம்கூட தாங்கல, திரும்பப் போட்டுட்டேன். முன்னாடி சாயங்காலம் நடக்கப் போவேன், அது பிடிக்கும். இப்ப போறதில்ல. தலைவலின்னு பொய் சொல்லிடுறேன்."

மாமா என்னைப் பார்த்தார். பாப்பா எப்போது நடக்கப் போனாள் என்று அவர் யோசிப்பது தெரிந்தது. அக்கா கறையைப் பார்ப்பதை விட்டுவிட்டு மகளைப் பார்த்தாள்.

"ஒளிஞ்சு விளையாடுவியா?" என்றார் டாக்டரம்மா.

"ம். பாத்ரூமுக்குப் போயிடுவேன். குழாயத் திறந்து விட்டுட்டா யாரும் கேக்க மாட்டாங்க. துண்டுக்கு அடியில போன வைப்பேன். இதனால ஒரு துணி பாழாயிடுச்சு. வேற ஒருத்தர் மேல பழி விழுந்துச்சு. அப்பவும் என்னால சொல்ல முடியல. பயமா இருக்கு." அவள் குரல் உடைந்தது. "இது கொழுப்பு இல்லதான டாக்டர்? இத வச்சு ஒருத்தர கேவலமா நினைக்கக் கூடாதுல்ல?"

"கூடாது" என்றார் டாக்டரம்மா. ஆனால் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஒண்ணு மட்டும் புரியலம்மா. நீ விளையாடுறது கூட்டமா சேந்து விளையாடுறதுன்னு அப்பா சொன்னாரு. பேசணும், கத்தணும். குழாயத் திறந்து விட்டுட்டு அத எப்படி விளையாடுவ?"

பாப்பா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். வரைபடம் எல்லாம் சரியாகப் போட்டுவிட்டுக் கதவு வைக்க மறந்துபோன பிள்ளை. வெளியே மழை ஜன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. நான் அக்காவின் முழங்கையைத் தொட்டேன். தொட்டிருக்கவே வேண்டாம்.

"அந்தக் குழாயத் திறக்கிறது நான்" என்றாள் அக்கா.

"நீ ஏன் நடுவுல" என்று மாமா ஆரம்பித்தார்.

"நான்தாங்க. நடக்கப் போனது நான். தலைவலி என்னோடது. அழிச்சுட்டுத் திரும்பப் போட்டது நான். அந்தக் கோட்ட நான் பாக்கவே இல்ல, பாத்தாச்சுன்னு சொன்னேன். இவ அத நம்பித்தான் நூல் கட்டினா. இவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. எனக்கு இவளுக்குத் தெரியும்ங்கிறதுதான் தெரியல." அவள் அழுதாள். கண்ணைத் துடைக்காமலே அழுதாள். "இத்தன நாளா நான் ஒளிஞ்சதா நினைச்சுட்டு இருந்தேன் பாப்பா."

மாமா நாற்காலியில் அப்படியே இருந்தார். அவர் வாழ்க்கையில் சுருக்கம் விழுந்த எதையும் நீவிச் சரிபண்ணிவிடுவார். இதை எந்தப் பக்கத்திலிருந்து பிடிப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "அதுல உங்களுக்கு என்ன கிடைக்குது, சொல்ல முடியுமா?"

அக்கா யோசித்தாள். "மூணு சேந்தா அதுவா மறைஞ்சுடுது டாக்டர். தேய்க்க வேணாம், கை வலிக்காது. அந்த இடம் அப்படியே சுத்தமாயிடும். கடைல ஒரு கறைக்கு அரை நாள் நிப்பேன். அது போனா யாருக்கும் தெரியாது. போகலன்னாதான் என்னைக் கூப்பிடுவாங்க. இங்க பாரு, இத பாரு, என்ன பாத்த, எங்க போன. அதுக்குள்ள இருக்கிறப்ப யாரும் கூப்பிட மாட்டாங்க. முதல்ல அது சுகமா இருந்துச்சு. இப்ப சுகம்கூட இல்ல. சும்மா போயிட்டே இருக்கு."

"நான்தான் கூப்பிட்டுட்டே இருக்கேனா?" என்றார் மாமா. கோபமாக இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"எல்லாரும்தாங்க."

"நாளைக்கே அந்தப் போன உடைச்சுடுறேன்."

"அது வேணாம்" என்றார் டாக்டரம்மா. "பிடுங்கினா ஒளிக்கிறதுதான் அதிகமாகும். இந்தப் பொண்ண காவலுக்கும் வைக்காதீங்க. அவ மகள், போலீஸ் இல்ல. இன்னிக்கே நான் இதுக்குப் பேர் வைக்க மாட்டேன். தூக்கம் எப்படி, மனசு எப்படி, உடம்புல வேற ஏதாவதான்னு பாக்கணும். இன்னும் சில தடவை தனியா வந்து பேசட்டும். இப்பவே செய்ய ஒண்ணு இருக்கு. விளையாடினா விளையாடினேன்னு சொல்லட்டும். சொன்னா நீங்க திட்டாம இருக்கணும். கஷ்டம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

"அப்ப இவளுக்கு?" என்று பாப்பாவைக் காட்டினார் மாமா.

"விளையாடிட்டு இருக்கிறப்ப கூப்பிட்டா வராளா?"

"வருவா."

"பாதில விட்டுட்டா?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "ஆமா. கூட விளையாடுற பசங்க திட்டுவாங்க. அப்பவும் வந்துடுவா."

அப்புறம் என்ன என்பதுபோல் டாக்டரம்மா கையை விரித்தார். எழுந்திருக்கும்போது அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, "டாக்டர், கைமடிப்புல மை இருக்கு. வீட்டுல இஸ்திரி வச்சுடாதீங்க, எங்க கடைக்கு அனுப்புங்க" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பஸ் நிறுத்தத்தில் நாலு பேருக்கும் இரண்டே குடை. மாமா பாப்பாவோடு ஒரு குடையில் நின்றார்.

"எதுக்கு உன் தலைல இழுத்துப் போட்டுக்கிட்ட?"

"அம்மா போன்ல அத போட்டுக் குடுத்ததே நான்தானப்பா. நான் சொன்னா நம்ப மாட்டீங்க. அம்மா சொன்னா கொழுப்புன்னுவீங்க. டாக்டர் வாயால வந்தா கேப்பீங்கன்னு நினைச்சேன்."

மாமா அங்கேயே நின்றுகொண்டு தன் அக்காவுக்குப் போன் போட்டார். "பாப்பா வரலக்கா. இல்ல, படிக்கட்டும். தப்பு அவ மேல இல்ல. யார் மேலன்னு கேக்காத, வீட்டுல நாங்க பாத்துக்கிறோம்." அந்தப் பக்கம் அத்தை விடாமல் என்னவோ கேட்டாள். "மழை பெய்யுது, கேக்கல" என்று வைத்துவிட்டார். குடை முழுக்கப் பாப்பா பக்கம் சாய்ந்திருந்தது. அவருடைய ஒரு தோள் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தது.

கோட்டுக்கார அம்மா வந்த அன்றைக்கு அக்காவே முன்னால் போய் நின்றாள். அந்தப் பழுப்பில் முக்கால்வாசியை எப்படியோ எடுத்திருந்தாள். மிச்சத்தின் மேல் அந்தக் கோட்டின் உள்மடிப்புத் துணியிலிருந்தே நான் ஒரு பூ தைத்து வைத்திருந்தேன். "நான் பாக்காமலே பாத்தாச்சுன்னு சொல்லிட்டேன்மா. தப்பு என்னோடது" என்றாள் அக்கா. அந்த அம்மா பூவைத் தடவிப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள், எடுத்துக்கொண்டு போனாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நீராவியண்ணன் மெஷினுக்குப் பின்னால் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு மட்டும் அக்காவின் டீயை அவரே கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். அக்கா டாக்டரம்மாவிடம் போய்வந்துகொண்டிருந்தாள். சில சாயங்காலம் என்னோடு நடக்க வந்தாள், சில சாயங்காலம் வரவில்லை. மேசையில் கையும் கண்ணும் பழையபடி ஓடின. பாப்பா யாரையாவது சுட்டுக்கொண்டே இருந்தாள்.

மழை விட்டு வெயில் காய ஆரம்பித்திருந்த ஒரு நாள் மத்தியானம். கடையில் நல்ல வேலை. கறை மேசை காலி என்பதை முதலில் கவனித்தது நான்தான். அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. சுவருக்குப் பின்னால் குழாய் திறந்து கொட்டிக்கொண்டிருந்தது.

என் கால் மெஷின் மிதியில் நின்றுவிட்டது. நீராவியண்ணன் தூக்கிய கைப்பிடியை இறக்கவில்லை. பாப்பா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மாமா கல்லாவிலிருந்து எழுந்தார். அவர் கழுத்து நரம்பு புடைப்பதை நான் பார்த்தேன். தண்ணிக்கு எவன் அப்பன் காசு கட்டுறான் என்கிற பழைய கத்தல் தொண்டை வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். குளியலறைக் கதவை அவர் தட்டவில்லை.

"நான் டீ போடுறேன்" என்றார் கதவிடம். "உனக்கும் போடவா?"

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. மாமா அங்கேயே நின்றார். கதவைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்க வைத்த பிள்ளை மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கூப்பிடவில்லை. பாவம், அந்த மனுஷனுக்கு அது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

குழாய் நின்றது.

தாழ்ப்பாள் விலகிற்று. அக்கா போனோடு வாசலில் நின்றாள். அதை ஒளிக்கவில்லை. கை இரண்டும் காய்ந்திருந்தது. அவள் மாமாவைப் பார்த்தாள், எங்கள் எல்லாரையும் பார்த்தாள். அவள் தலைவலி என்று சொல்லப்போகிறாள் என்று நான் ஊசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தலைவலி இல்லங்க" என்றாள். "விளையாடிட்டு இருந்தேன்."

மாமா பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தார். "சரி" என்றார். "சர்க்கரை எவ்வளவு போடணும்?"

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளுக்கு எவ்வளவு சர்க்கரை என்று அவருக்குத் தெரியவில்லை. அக்கா சொன்னாள். பிறகு போனை என் தையல் மெஷின் மேல் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்துவிட்டுப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு, குவியலில் மேலே இருந்த சட்டையை வெளிச்சத்தில் விரித்தாள்.